மிஸ்டு காலுக்கு ஒரு பிளான்

பகவதியப்பனின் போன் செத்துப்போனது வயலுக்குத் தண்ணீர் விட வேண்டிய நாளாகப் பார்த்து. பொத்தானை அழுத்தினால் மணி போவதற்குப் பதில் ஒரு பெண்குரல் வந்து, பிளான் முடிந்துவிட்டது, ரீசார்ஜ் செய்யுங்கள் என்று மரியாதையாகச் சொன்னது. மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். மூன்று தடவையும் அதே மரியாதை.

மொபட்டை எடுத்தவர் பின்னால் வந்து மனைவி கோமளவல்லி ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்குட்டி?"

"போன தடவ தனியா போயி என்னத்தப் போட்டுட்டு வந்தியோ? நாளுக்கு மூணு ஜிபி. இந்தப் பொத்தான் போனுக்கு! அந்த ஜிபிய வச்சி நெல்லா அவிச்சியோ?"

அவர் வண்டியைக் கிளப்பினார்.

சுசீந்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சுஜி ரீசார்ஜ் கடை வைத்திருந்தாள். சின்னக் கடைதான். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் ஸ்டூலில் உட்கார வேண்டும். கோமளவல்லி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த பிளான் போடணும் அண்ணாச்சி?" என்றாள் சுஜி.

"கொறஞ்சது எதுவோ அது. ஒரு மாசத்துக்கு."

"மாசம்னா இருவத்தெட்டு நாளு."

"பிப்ரவரியா நடக்கு?"

"கம்பெனிக்காரனுக்கு எல்லா மாசமும் பிப்ரவரிதான். சரி, தினம் எவ்வளவு பேசுவிய? நெட்டு பாப்பியளா?"

"நெட்டும் இல்ல, பேச்சும் இல்ல. எனக்குப் பேச ஆளு யாரு இருக்கா?" சொல்லிவிட்டு குரலைத் தாழ்த்தினார். "மிஸ்டு கால் மட்டும் உள்ள பிளான் எதும் இருக்கா மக்கா?"

சுஜி பத்து வருஷமாகக் கடை நடத்துகிறாள். இப்படியொரு பிளானை யாரும் கேட்டதில்லை. "போனைத் தாங்க, நீங்க எப்பிடி உபயோகிக்கியோன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று வாங்கி, கூப்பிட்ட எண்களின் பட்டியலைத் திறந்தாள். பகவதியப்பன் கையை நீட்டுவதற்குள் வாசித்தும்விட்டாள்.

"வரப்பு. வரப்பு. வரப்பு. வரப்பு... இருவது காலும் ஒரே ஆளுக்கு. பேசின நேரம் எல்லாத்துக்கும் சைபர். யாரு அண்ணாச்சி அது, வரப்பு?"

ஸ்டூல் கிரீச்சிட்டது. "அதான, யாரு அது?" என்றாள் கோமளவல்லி.

"ஒரு... வயல்காரரு."

"நம்பரச் சொல்லு சுஜி."

சுஜி கடைசி நான்கு எண்களைச் சொன்னதுமே கோமளவல்லியின் முகம் மாறியது. அது அவளுடைய அண்ணன் குலசேகரனின் எண். இவர்கள் மகள் தன்யாவின் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, நாலு பேர் கேட்க, "சாம்பார்ல உப்பு இல்ல" என்று சொன்னவர் குலசேகரன். அன்றைக்கே பகவதியப்பன் உத்தரவு போட்டார்: இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு இனி ஒரு போன் போகக் கூடாது. கோமளவல்லியும் அழுதுகொண்டே அண்ணன் எண்ணைத் தன் போனிலிருந்து அழித்தாள். அது நடந்து ஆறு வருஷம்.

"ஆறு வருசமா நான் வாய மூடிட்டுக் கெடக்கேன். நீங்க தெனமும் எங்க அண்ணன்ட்ட கொஞ்சுதியளா?"

"கொஞ்சவா? பேசின நேரம் சைபர்னு அந்தப் பிள்ள சொல்லுகது காதுல விழல்லியா?" பகவதியப்பன் சுஜியைக் கைகாட்டினார். "நம்ம வயலுக்குத் தண்ணி போற மட அவரு வயல்லதான் இருக்கு. ஒரு தடவ அடிச்சா வெள்ளத்தத் தொறக்கணும். ரெண்டு தடவ அடிச்சா அடைக்கணும். சண்டைக்கு முன்னயே உள்ள கணக்கு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசினதில்ல, சத்தியமாட்டு."

"அப்பிடின்னா ஒங்களுக்கு எண்பத்துநாலு நாளு பிளான்தான் சரி" என்றாள் சுஜி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நெட்டு கெடையாது. பேச்சு மட்டும், எவ்வளவு வேணும்னாலும்."

"போடு" என்றாள் கோமளவல்லி. "எவ்வளவு வேணும்னாலும்தான வேணும்."

பிளான் ஏறிய சத்தம் கேட்டதும் போனைச் சுஜியிடமிருந்து அவளே வாங்கி, வரப்பை அழுத்தினாள். ஒரு மணி போனது. அந்தப் பக்கம் வெட்டினார்கள்.

'தொறந்திருப்பாரு' என்று பகவதியப்பன் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். ஒருவிதத்தில் நல்லதுதான்.

கோமளவல்லி மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வெட்டு.

"ஐயோ, அடிக்காத! இப்ப அடச்சிருப்பாருட்டி!"

அவள் காதில் வாங்கவில்லை. மூன்றாவது தடவை மணி நீளமாகப் போனது. பிறகு, ஆறு வருஷத்துக்கு அப்புறம், குலசேகரனின் குரல் கடைக்கே கேட்டது.

"ஒரு தடவ அடிச்சா தொறக்கணும், ரெண்டு தடவ அடிச்சா அடைக்கணும். மூணு தடவ அடிச்சா நான் என்னவே செய்யணும்?"

"என்ட்ட பேசணும் அண்ணே" என்றாள் கோமளவல்லி.

அதன்பின் இரண்டு பக்கமும் சேர்ந்து அழுதது. அழுது முடித்து அவர்கள் தன்யாவின் குழந்தைக்கு வந்து, மதினியின் முட்டுவலிக்குப் போய், கல்யாண சாம்பாரைத் தொட்டபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. சாம்பாரில் உப்பு குறைவுதான் என்று கோமளவல்லி ஒத்துக்கொண்டதை பகவதியப்பன் தன் இரண்டு காதாலும் கேட்டார். இதற்கு மேல் நின்றால் மானமும் போகும், பயிரும் போகும். மொபட்டை எடுத்தார்.

வரப்பில் குலசேகரன் நின்றிருந்தார். ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் போன், காதோடு ஒட்டி. மடை அடைத்துக் கிடந்தது. பகவதியப்பன் பக்கத்தில் போய் மண்வெட்டிக்குக் கையை நீட்டினார். குலசேகரன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கொடுத்தார். நாலு வெட்டில் மண் சரிந்து, தண்ணீர் பகவதியப்பன் வயலுக்குள் ஓடியது.

குலசேகரன் போனை நீட்டினார். "வந்து சேந்தீரான்னு கேக்கா."

"சேந்தாச்சுன்னு சொல்லும்."

"சேந்தாச்சாம்" என்று சொல்லிவிட்டு, போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "வெள்ளம் போதுமா மாப்பிளே?" என்றார் குலசேகரன்.

"இன்னும் அர மணிக்கூறு ஓடட்டும் மச்சான்."

இரண்டு பேரும் வரப்பில் குந்தினார்கள். போனுக்குள் கோமளவல்லி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"சார்ஜ் எறங்கிட்டு இருக்கு" என்றார் குலசேகரன் மெதுவாக. "வைக்கச் சொல்லும் அவளை."

"ஒம்ம தங்கச்சிதான? நீரு சொல்லும்."

குலசேகரன் யோசித்துப் பார்த்தார். பிறகு போனை மறுபடி காதில் வைத்து, "ஆமா மக்கா, சொல்லு" என்றார்.