பெயரோடு போன விண்ணப்பம்

நவம்பர் 8, வெள்ளி

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வீடு வீடாகக் கூடும் எங்கள் ஜெபக் குழுவின் ஜெப விண்ணப்பங்களை எழுதிச் சபை அலுவலகத்துக்கு அனுப்பும் முன் ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். இன்று மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பேருந்தில் நின்றபடியே கைபேசியில் அனுப்பிவிட்டேன். ஒரு பெயரை நீக்கியிருக்க வேண்டுமோ என்று பிறகுதான் தோன்றியது.

உண்மையில் இது கி-ஜுங் அக்காவின் வேலை. கண் மங்கிவிட்டதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் இரண்டு மாதமாக அவர் பெயரில் நான் எழுதி அனுப்புகிறேன். மற்றவர்களுக்குத் தெரியாது.

குழுத் தலைவி மால்-சுன் அம்மா முட்டிவலியால் இன்றைய கூட்டத்துக்கு வரவில்லை. அதனால்தான் யோன்-சூக் அக்கா வாய் திறந்தார்.

"நாலு வருஷமா சொல்லல. எம்புருஷன் ஈரல் புத்துல கெடந்தப்போ, சபை சமையற்கட்டுல கிம்ச்சிக்கு கோசு கழுவிக்கிட்டிருந்தேன். நான் இருக்கறது தெரியாம மால்-சுன் அம்மா சொன்னாங்க, விடியக்கால ஜெபத்துக்கு வராத வீட்ல இப்படித்தான் ஆகும்னு. என்னால மன்னிக்க முடியல. மன்னிக்கணும். எனக்காக ஜெபம் பண்ணுங்க."

"நீ மன்னிச்சிட்டா, அப்புறம் அந்தம்மாவப் பத்தி நாம பேச என்னடி இருக்கு" என்றார் கி-ஜுங் அக்கா. யோன்-சூக் அக்காவும் சிரித்துவிட்டார். கணவர் போன பிறகு அவருக்கு இந்தக் குழுவும் கி-ஜுங் அக்காவும்தான் சொந்தம்.

செவிலியர் உதவியாளர் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள்: நோயாளி சொன்னதைச் சொன்னபடி எழுது, நீயாக எதையும் கூட்டாதே, குறைக்காதே. அப்படியே எழுதினேன். மால்-சுன் அம்மாவின் பெயரோடு.

நவம்பர் 9, சனி

விடியற்கால ஜெபத்தில் வழக்கம்போல் விண்ணப்பத் தாளை எல்லாருக்கும் கொடுத்தார்கள். நான் எழுதியது பெயரோடு அதில் அப்படியே இருந்தது. அறுபது பேர் இருக்கும். யோன்-சூக் அக்காவும் மால்-சுன் அம்மாவும் வந்திருந்தார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கும்போது ஒருவர் ஜெபம் இன்னொருவருக்குக் கேட்காது என்று நாங்கள் நம்புகிறோம். இன்று மால்-சுன் அம்மாவுடையது கேட்டது.

"ஆண்டவரே, உம்ம மக யோன்-சூக் மனசுல இருக்கற கசப்ப வேரோட பிடுங்கிப் போடும். நாலு வருஷமா உம்ம ஊழியக்காரி மேல பகை வச்சிருக்கா, அவள மன்னியும்."

சுற்றியிருந்தவர்களின் சத்தம் தானாகக் குறைந்தது. யோன்-சூக் அக்கா தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பலர் அக்காவின் கையைப் பிடித்து, "உனக்காக ஜெபம் பண்றோம்" என்றார்கள். எண்ணினேன், ஏழு பேர். மால்-சுன் அம்மாவின் கையை யாரும் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு நன்றியறிதல் பண்டிகை, திருவிருந்தும் உண்டு; மனதில் பகையோடு அதில் பங்கெடுக்கக் கூடாது. அதற்குள் இருவரும் சமாதானமாக வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார்.

நவம்பர் 15, வெள்ளி

முறைப்படி இந்த வாரம் யோன்-சூக் அக்கா வீட்டில் கூடினோம். பேரிக்காய் நறுக்கி வைத்திருந்தார். மால்-சுன் அம்மா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, அறியாம ஏதாச்சும் பேசியிருந்தா அடியாள மன்னியும். ஆமென்."

"அம்மா, நான் எதிர்லதான் உக்காந்திருக்கேன். எங்கிட்டயே சொல்லலாமே."

"ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு. அவருக்கு மேல பெரியவளா நீ?"

"இல்லம்மா. செத்துப்போனது எம்புருஷன்."

"இந்த முட்டியோட மூணு மாடி ஏறி வந்திருக்கேன். இன்னும் என்ன, கால்ல விழணுமா?"

"பேரிக்கா கறுத்துப்போவுது, தின்னுட்டு சண்ட போடுங்க" என்றார் கி-ஜுங் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

யோன்-சூக் அக்கா எங்களைப் பார்த்தார். "நான் ரூமுக்குள்ள சொன்னது. கி-ஜுங் இத பேரோட எழுத மாட்டா. வேற யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரு எழுதுனா என்ன? ஆண்டவர் எழுத வச்சாரு" என்றார் மால்-சுன் அம்மா.

நான் சொல்லியிருக்க வேண்டும். வேத பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினேன். அவ்வளவுதான் செய்தேன்.

"எம்பேர்லதான் போவுது" என்றார் கி-ஜுங் அக்கா. "நாந்தான்."

"நீயா?" என்று மட்டும் கேட்டார் யோன்-சூக் அக்கா. பிறகு எழுந்து வாசலுக்குப் போய், எங்கள் செருப்புகளை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதைதான். ஆனால் நாங்கள் இன்னும் உட்கார்ந்திருந்தோம்.

படியில் கி-ஜுங் அக்காவிடம், "நான் போய் சொல்லிடறேன்கா" என்றேன்.

"வேணாம். உன்னை இவங்க கொதறிடுவாங்க. எனக்குப் பழக்கம்" என்றார். கைப்பிடியைத் தடவித் தடவித்தான் இறங்கினார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும். நிம்மதியாகத்தான் இருந்தது.

பின்னால் மெதுவாக வந்த மால்-சுன் அம்மா, "சமாதானம் ஆயிடுச்சுன்னு போதகருக்கு நான் சொல்லிடறேன்" என்றார். நாங்கள் இருவரும் மறுக்கவில்லை.

வகுப்பில் இன்று ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றோம். என் அளவைப் பார்த்து, ஏதாவது கவலையா என்று ஆசிரியை கேட்டார். இல்லை என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய். முதலாவதை வாய் திறக்காமலே சொன்னேன்.

இப்போது போய்ச் சொன்னால் யோன்-சூக் அக்கா எங்கள் குழுவுக்குத் திரும்புவார் என்று நான் நினைக்கவில்லை. என் மனம் லேசாவதற்காகத்தான் போகிறேனோ என்றும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் அவருக்கு இருந்த ஒரே தோழியை அவர் வெறுக்கிறார், தவறான ஆளை வெறுக்கிறார்.

நாளை சனிக்கிழமை. அவருடைய தையல் கடை பத்து மணிக்குத் திறக்கும். பத்து நிமிடம் முன்னால் போய் நிற்க வேண்டும். எழுதி அனுப்பியது நான், கி-ஜுங் அக்கா இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.