கண்ணை மூடிக் கேள்

அஹமது கபீர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது, கூத்தாநல்லூரில் மற்றவர்கள் கொண்டுவருவதுபோல் கம்பளியும் தைலமும் கொண்டுவரவில்லை. பாட்டுக் கேட்கும் செட் ஒன்றும், அதை ஸ்பீக்கரோடு இணைக்கக் கட்டைவிரல் பருமனில் ஒரு ஒயரும் கொண்டுவந்தான். துணி உறை போட்ட ஒயர், நுனியில் தங்க முலாம். பெட்டியில் வைக்க மனமில்லாமல் விமானத்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படித் தூக்கியதில்லை.

துபாயில் அவனுக்கு இதுதான் வேலை. பெரிய கடையில் பெரிய செட்டுகளை விற்பான். ஒயரின் விலையைக் கேட்டு வாடிக்கையாளர் முகம் சுளித்தால், "யானைய வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா?" என்பான். சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான்.

இப்படி ஒலியை வைத்துப் பிழைப்பவனுக்கு மனைவி சஃபியாமேல் ஒரு மனத்தாங்கல். தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்ட காலம்தான். ஆனால் பின்னால் ஆள் நிற்க, பூத்தில் பெண்டாட்டியிடம் என்னத்தைப் பேசுவது? எழுதவும் அவனுக்கு வராது. அதனால் எல்லோரையும்போல் கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புவான். ஒரு பக்கம் அவன் பேச்சு. மறுபக்கத்தில் அவள் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு கேசட்டில் குரல் தழுதழுக்கக் கேட்டிருந்தான்: "இங்க தனியா கெடந்து ஒண்ணும் பிடிக்கல சஃபியா. வேலைய விட்டுட்டு வந்துடவா? நீ வான்னு சொன்னா வந்துடுறேன்."

மறுபக்கம் வந்தது. மழை பெய்தது, மாடியில் ஒழுகுகிறது, நன்னிலம் அரிசி இந்தத் தடவை நன்றாக இல்லை, பிள்ளைகளுக்குச் சளி. அவன் கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. நான் வேண்டாம், நான் அனுப்புவது போதும் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, அதே கோபத்தில் விசாவைப் புதுப்பித்துக்கொண்டான். அடுத்த விடுமுறை முழுக்க உம்மென்று இருந்துவிட்டுப் போனான். காரணத்தையும் சொல்லவில்லை. ரோஷக்காரன் அல்லவா!

இந்த முறை சமாதானமாகிவிடலாம் என்றுதான் வந்திருந்தான். வந்த வாரமே உறவுக்காரர்களை உட்காரவைத்துச் சோதனை நடத்தினான். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் சாதா ஒயர், பிறகு தடி ஒயர். எல்லோரும் அவன் வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டவர்கள், எல்லோருக்கும் வித்தியாசம் தெரிந்தது. சஃபியாவின் தம்பி அப்சர் மட்டும் கிளம்பும்போது சிரித்தான்.

"மச்சான், நானும் சும்மாதான் ஆமான்னேன். ஒயரையே மாட்டாம ஒரு தடவ கேட்டுப் பாருங்க, அப்பவும் ஆமாம்பாங்க."

அது கபீருக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் சஃபியாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கருக்கு எதிரே உட்காரவைத்தான்.

"நீயாவது உண்மையச் சொல்லு. கண்ண மூடிக்க. தோளைத் தொட்டா ரெண்டாவது ஒயர்னு அர்த்தம்."

நாகூர்ப் பாட்டு ஒன்றைச் சாதா ஒயரில் ஓடவிட்டான். பிறகு அதைக் கழற்றிக் கீழே போட்டான். தடி ஒயரை மாட்டவே இல்லை. அறை அமைதியாகிவிட்டது. அவள் தோளைத் தொட்டான்.

அவள் பாட்டுக்கு ஆட்டுவதுபோல் தலையை மெல்ல ஆட்டினாள். "இதுதாங்க நல்லா இருக்கு. தெளிவா இருக்கு."

கபீர் வாய்விட்டுச் சிரித்தான். "மாட்டிக்கிட்டியா?" என்றான். அவள் முகத்தில் அசைவில்லை. மூடிய கண்ணோடு இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "சஃபியா" என்றான். உரக்கக் கூப்பிட்டான். தெருவில் போனவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

கபீர் சிரிப்பை நிறுத்திக் கிட்டே போனான். அவளைத் தொட்டான்.

கண் திறந்தவள் அவன் முகத்தையும் கீழே கிடந்த ஒயரையும் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து கொறைய ஆரம்பிச்சிச்சு. வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். இப்ப சுத்தமா இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். போன தடவ, உன்கிட்டப் பேசறது செவிடன் காதுல ஊதின சங்குன்னீங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

அப்படிச் சொன்னது அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அதைச் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

"அப்ப கேசட்டு?"

"அப்பல்லாம் உங்க கொரலுன்னு தெரியும், பேச்சு வெளங்காது. பொண்டாட்டிக்குப் பேசுனத அடுத்தவங்களக் கூப்பிட்டா கேக்கச் சொல்ல முடியும்? நானா ஏதோ பேசி அனுப்பிடுவேன்." கொஞ்சம் தயங்கினாள். "அதுல முக்கியமா எதுவும் கேட்டிருந்தீங்களா?"

கபீர் சட்டென்று திரும்பி, கிடந்த ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, "வந்துடவான்னு கேட்டேன்" என்றான். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் அவன் தோளைத் தொட்டாள்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

திரும்பினான். நிதானமாக, உதடு தெரியும்படி எல்லாவற்றையும் சொன்னான். கேட்டதை, பதில் வராததை, கோபத்தில் விசாவைப் புதுப்பித்ததை, அதற்காகவே விடுமுறை முழுக்க முகம் கொடுக்காமல் போனதை. சொல்லும்போதே அழுதான். உதடு கோணியதால் சில இடங்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சஃபியா அழவில்லை. அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"கேசட்டுலதாங்க வெளங்காது. பக்கத்துல உக்காந்து பேசினா, போன தடவ நீங்க வந்தப்பகூட எனக்கு நல்லாவே கேட்டுச்சு" என்றாள். "நீங்கதான் பேசவே இல்ல."