தலைமாடு எந்தப் பக்கம்

"வெந்நீர் வேணாம்பா" என்று சொல்லத்தான் மஜீத் கொல்லைப்பக்கம் போனார். அங்கே அடுப்பு மூட்டி, அண்டாவில் இலந்தை இலையைப் போட்டுக் கொதிக்க விட்டு, அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். "நீங்க போய் உக்காருங்க பாய், நாங்க பாத்துக்குறோம்" என்று ஒருவர் தோளைத் தொட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். என்ன மனுஷன்! செத்துப்போன மகனின் மையத்துக்குக் குளிப்பாட்டு கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

முந்தின நாள் மாலையே விமானப்படையிலிருந்து போன் வந்துவிட்டது. பெட்டி சீல் வைத்து வரும், திறக்கக் கூடாது, முகம் காட்ட முடியாது. "வீட்டுல எல்லாருக்கும் நீங்களே பக்குவமா சொல்லிடுங்க சார்" என்றார் பேசியவர். "சொல்லிடறேன்" என்றார் மஜீத். பெண்டாட்டி ஜஹபர் நிஷாவிடம்கூடச் சொல்லவில்லை. மையத்துக்குச் சுற்றுகிற கஃபன் துணி வந்தது, கற்பூரமும் அத்தரும் வந்தன, கபர்ஸ்தானில் குழி வெட்ட ஆள் போனது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எப்படிச் சொல்வார்? வடக்கே ஏதோ ஊரில் நடந்த விமான சாகசக் காட்சியை, நேரு வீதியில் இருக்கிற தன் கைலிக் கடையில் உட்கார்ந்து போனில் லைவாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். "தனியா வருது பாருங்க, அந்த ஜெட்டுதான். ஓட்டுறது எம்புள்ள ஷஃபீக்" என்று கைலி வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். ஜெட் நெட்டுக்குத்தாக ஏறியது, மல்லாந்தது, மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. அதுவும் வித்தைதான் என்று நினைத்து மஜீத் கை தட்டினார். புகை கிளம்பிய பிறகும் தட்டினார். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நின்றது. பெத்த பிள்ளை சாகும்போது கை தட்டிக்கொண்டிருந்தவன், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவளிடம் போய், உன் பிள்ளை முகத்தை நீ பார்க்க முடியாது என்று சொல்வான்?

மதியம் வண்டி வீடு இருக்கிற முல்லா வீதிக்குள் நுழைந்தது. பெட்டிக்குத் துணையாக ஷஃபீக்கோடு வேலை பார்த்த செல்வகுமார் சீருடையில் வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் மருமகள் ஆஃப்ரின் இறங்கினாள். அன்றைக்கு மைதானத்தில், குடும்பத்தாருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து நேரில் பார்த்தவள். அழவில்லை. யாரோ கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், போனாள்.

செல்வகுமார் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லப் பேசினான். ஹஜ்ரத் மஜீத்திடம் வந்து, "முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்?" என்று காதோடு கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "குளிப்பாட்டு இல்ல. இப்படியே தொழவச்சு எடுத்துடலாம்" என்றார். கொல்லையில் யாரோ அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள்.

நிஷா வாசற்படிக்கே வந்துவிட்டாள். "ஏங்க, அப்ப எம்புள்ள மொகம்? மொகத்த எப்பங்க காட்டுவாங்க?"

"கபர்ஸ்தான்ல தொறப்பாங்க நிஷா. எறக்கறதுக்கு முன்னாடி."

நேற்றிலிருந்து வராத பேச்சு, பொய் என்றதும் தடங்கலில்லாமல் வந்தது. பெண்கள் கபர்ஸ்தானுக்கு வருவதில்லை என்கிற தைரியம்தான்.

"அப்ப நீங்களே அவன் மொகத்த கிப்லா பக்கம், மேக்க பாத்து திருப்பி வைங்க. வேற யார் கையும் வேணாம். நீங்க திருப்புங்க."

"திருப்புறேன்."

நிஷாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த ஆஃப்ரின் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

கபர்ஸ்தானில் பெட்டி குழிக்குள் இறங்கவில்லை. துணி சுற்றின உடம்புக்கு எப்போதும் வெட்டுகிற அளவில்தான் வெட்டியிருந்தார்கள். பெட்டி வரும் என்று யார் சொன்னார்கள் அவர்களுக்கு? துப்பாக்கி மரியாதை முடிந்து சீருடைக்காரர்கள் வெயிலில் விறைத்து நிற்க, இரண்டு பேர் மறுபடி குழிக்குள் இறங்கி ஓரம் வெட்டினார்கள். ஒவ்வொரு வெட்டும் மஜீத்துக்கு நெஞ்சில் விழுந்தது.

கயிறு போட்டுத் தூக்கும்போது ஹஜ்ரத் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க, இருங்க. தலைமாடு வடக்க வரணும். தலைமாடு எந்தப் பக்கம்?"

மேலே போர்த்தியிருந்த தேசியக்கொடியை எடுத்துவிட்ட பெட்டி இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தது. எல்லாரும் செல்வகுமாரைப் பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பெட்டியைப் பார்த்தான், மஜீத்தைப் பார்த்தான்.

"சார்..." என்றான். "அப்படிப் பக்கம்னு ஒண்ணும்... இல்ல சார்."

முகம்தான் இல்லை என்று மஜீத் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். தலைமாடு கால்மாடு என்று சொல்லக்கூட உள்ளே ஒன்றும் இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெட்டியின் ஒரு முனையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"இந்தப் பக்கம்" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த முனையை வடக்கே வைத்து இறக்கினார்கள். எல்லாரும் மண் தள்ளினார்கள்.

அவர் வீடு திரும்பியபோது நிஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "திருப்பினீங்களா?"

"திருப்பினேன்."

"மொகம் எப்டிங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. தூங்குற மாதிரி."

"காயம்?"

"ஒண்ணும் இல்ல."

"யா அல்லாஹ்!" என்று நிஷா உடைந்தாள். அழுகையினூடே ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்து, "எம்புள்ள மொகம் நல்லா இருந்துச்சாம்டி, தூங்குற மாதிரி இருந்துச்சாம்" என்று சொன்னாள். அது அடுப்படிக்குப் போனது, பக்கத்து வீட்டுக்குப் போனது. கபர்ஸ்தானுக்கு வராமல் வாசலிலேயே நின்றுவிட்ட சின்ன வயசுக்காரர் ஒருவர் மஜீத் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரிச்ச மொகமா இருந்தாராமே பாய்" என்றார். "ஆமா" என்றார் மஜீத். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

உள் அறையிலிருந்து ஆஃப்ரின் "மாமா" என்று கூப்பிட்டாள். புருஷன் செத்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் உட்கார்ந்தாகிவிட்டது, இனி அவள் வெளியே வர முடியாது. ஊரெல்லாம் ஏமாறும், இவளை எப்படி ஏமாற்றுவது? கண்ணெதிரே எரிந்ததைப் பார்த்தவள் ஆயிற்றே! உள்ளே போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆஃப்ரின் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"மொகம் பாத்தீங்களா மாமா?"

வெளியே நிஷாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தேன்மா."

"கண்ணு மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்துச்சு."

"முடி?"

"எப்பவும் போல வாரி விட்டிருந்துச்சு."

அவள் தரையில் தனக்குப் பக்கத்தில் கையால் தட்டி, உட்காருங்கள் என்று காட்டினாள். மஜீத் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மொதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லுங்க மாமா" என்றாள்.

"பெட்டிய தொறந்தாங்கம்மா" என்று மஜீத் ஆரம்பித்தார்.