கும்பிடு இருந்த இடம்

நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டியவன் நானில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊரெல்லாம் தூங்கும்போது என் போனில் கையை வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் குடும்பக் குழுவில் யார் எதைப் போட்டாலும், அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சின்னச் சின்னப் படங்களாக ஒரு வரிசை வரும். முதலில் இருந்தது கும்பிடும் கை. கோயில் கொடியேற்றமா, கும்பிடு. பேரனுக்குப் பெயர் வைத்தார்களா, அதற்கும் கும்பிடு. கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை, கட்டைவிரலுக்கே இடம் தெரியும். கரமனையில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அந்த வரிசையை ஒரே ராத்திரியில் கலைத்துப்போட்டுவிட்டார்கள். அதற்குப் 'புதுப்பொலிவு' என்று பெயர் வேறு.

மறுநாள் காலையில், வலியசாலையில் என் அக்கா சொர்ணம்மாளின் புருஷன் இறந்துபோனார். அக்கா மகன் பத்மகுமார் எனக்குப் போனில் சொல்லிவிட்டு, அத்தானின் படத்தைக் குழுவிலும் போட்டான். அப்போது நான் சாலைக் கடைத்தெருவில் கோடிச் சேலை எடுத்துக்கொண்டிருந்தேன். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலையைக் கூடப்பிறந்தவன் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். எங்களில் அது முடியாமல் பிரேதத்தை எடுக்க மாட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருத்தன்தான். கடையில் நின்றபடியே அத்தானின் படத்தை அழுத்திக் கும்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன்.

வாசலில் பத்மகுமார் வழியை மறித்தான்.

"மாமா உள்ள வரண்டாம்."

"என்னடே சொல்லுக?"

"எங்க அப்பா செத்ததுக்கு நீங்க சிரிச்சிருக்கீங்க. பெங்களூர்ல இருந்து சொந்தக்காரவ போன்ல விளிச்சுச் சொல்லுகாவ. மூணு வருஷமா அப்பாகிட்ட ஒரு பேச்சு மிண்டாம இருந்தீங்க, சரி. அதுக்கு இப்படியா?"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். அத்தானின் படத்துக்குக் கீழே, என் பெயரில், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி.

கோயில் கமிட்டி விஷயத்தில் அத்தானும் நானும் முறைத்துக்கொண்டது உண்மைதான். அதற்காகச் சாவில் சிரிப்பேனா?

"நான் கும்பிடைத்தான் அமுக்கினேன். இடத்தை மாத்தி வச்சிருக்கான்."

"அப்டேட்டு எல்லாருக்கும்தானே வந்திருக்கு? பாத்து அமுக்கணும். மன்னிப்புக் கேட்டுட்டு உள்ள போங்க."

"கேக்க மாட்டேன். எவனோ ராத்திரி என் வாசப்படியைப் பேத்து வேற பக்கம் வச்சா, விழுந்தவன் மேலயா குத்தம்?"

"அப்போ உங்க சேலையும் வேண்டாம்."

முற்றத்தில் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். செய்யாத குற்றத்துக்கு எப்படிக் கேட்பது? அக்காவை நினைத்துப் பயமாகவும் இருந்தது. கோடி இல்லாமல், நாதியற்றவளைப்போல அவளை உட்கார வைத்துவிடுவார்களே என்று சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். பெண்கள் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். உதறிவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் அவளுடைய போன் இருந்தது.

"குமாரே, இதைப் பாரு. நீ அப்பா படம் போட்டதும் நானும் கும்பிட்டேன். பொறவு பாத்தா பல்லை இளிச்சிட்டு நிக்கு. அதை எடுக்க எனக்குத் தெரியல்ல மக்ளே. இன்னைக்கு யார்ட்ட போய்க் கேப்பேன்? நானும் உங்க அப்பா செத்ததுக்குச் சிரிச்சவதான். என்னையும் வெளிய நிறுத்து."

பத்மகுமார் போனை வாங்கிப் பார்த்தான். சுவரில் சாய்ந்துகொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதான்.

"தாணு, கோடியைப் போடுடே" என்றாள் அக்கா என்னிடம்.

சேலையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினேன். போனைத் திருப்பிக் கொடுக்கப் பத்மகுமார் கை நீட்டினான். அக்கா அதை வாங்கவேயில்லை.

உள்ளே போனேன். மூன்று வருஷமாக அத்தானைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் நான். அத்தானின் காலருகில் நின்று, எல்லோரும் பார்க்க, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து அவரைக் கும்பிட்டேன்.