முதலில் குழாய், பிறகு துப்பாக்கி

அந்த ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்குத் துப்பாக்கியக்கா என்று பெயர் வைத்தவர்கள் அடுப்புப் பகுதிக்காரர்கள். தொற்றுநோய் வருவதற்கு முன்னால் அவள் வெறும் முதலுதவிப் பெட்டிக்காரி. விரல் வெட்டினால் துணி சுற்றுவாள், கை சுட்டால் களிம்பு தடவுவாள். தலைவலி என்று வந்து நிற்பவனுக்கு உண்மையிலேயே தலைவலியா, இல்லை வேலைக்கு மட்டம் போடப் பார்க்கிறானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நோய் வந்ததும் ஊரில் எல்லாவற்றையும் மூடினார்கள். மருத்துவமனைகளுக்கும் அடைத்து வைத்த தெருக்களுக்கும் ரொட்டி போக வேண்டும் என்பதால் இந்த ஒன்றை மட்டும் மூடவில்லை. அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் வாசலில் காய்ச்சல் பார்க்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் வெளியே நிறுத்த வேண்டும். ஒரே நாளில் மூன்று பேருக்கு மேல் போனால் தொழிற்சாலைக்குப் பூட்டு.

நெற்றிக்கு நேரே நீட்டிச் சூடு பார்க்கும் அந்த வெள்ளைத் துப்பாக்கியை மேனேஜர் அவள் கையில் கொடுத்து, "இனிமே இந்தக் கம்பெனியே உன் கையிலதான்மா இருக்கு," என்றார். மேனேஜர்கள் இப்படிப் பேசினால் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

வந்தது. முதல் வாரமே துப்பாக்கி அவளைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டது. காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாடு முடிந்து உள்ளே வரும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மதியம் அடுப்புக்காரர்கள் வரிசையில் வந்து நின்றால் துப்பாக்கி கத்தோ கத்தென்று கத்தியது. காலையிலிருந்து அடுப்பு வாயில் நின்று தட்டு இழுத்தவனின் நெற்றி வேறு எப்படி இருக்கும்? அவள் விதிப்படி மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினாள். தட்டு இழுக்க ஆள் இல்லாமல் அன்றைய ரொட்டியில் பாதி கரிக்கட்டையானது. அந்த மூவரையும் மருத்துவமனையில் சோதித்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். "அடுப்புச் சூட்டுக்கும் காய்ச்சலுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்று மேனேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

திட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லை அவள். ஒரு நாள் முழுக்க வாசலில் நின்று யோசித்தாள். எப்படியும் எல்லாரும் கை கழுவியாக வேண்டும். அந்தக் குழாய்களைத் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து விட்டால் என்ன? பிளம்பரை வரவழைத்து, முற்றத்து ஓரத்தில் இருந்த நான்கு குழாய்களையும் வாசலுக்கு முன்னால் மாற்றிப் போட வைத்தாள். பக்கத்தில் ஒரு பெரிய மின்விசிறியை நிறுத்தினாள். கையையும் முகத்தையும் கழுவ வேண்டும், விசிறிக் காற்றில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. மதியத்துக்கு ஒரு விதி, காலைக்கு ஒரு விதி என்று இருந்தால் ஆட்கள் குழம்புவார்கள் என்று இரண்டு வேளைக்கும் இதையே வைத்தாள். சுவரில் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தாள்.

அதற்குப் பிறகு துப்பாக்கி வாயைத் திறக்கவே இல்லை. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு, மறுபடி தொண்ணூற்றேழு. மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வாசலில் ஒரு பலகை மாட்டி, காய்ச்சல் இல்லாத நாட்களைத் தினம் எழுதச் சொன்னார். முப்பதாம் நாள் சுகாதார அதிகாரி வந்து, அவள் தினம் சூட்டைக் குறித்து வைத்த நோட்டைப் புரட்டினார். தரையில் அவள் வரைந்திருந்த மஞ்சள் வட்டங்களையும், ரொட்டி கட்டும் மேசைகளுக்கு நடுவே தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் தடுப்புகளையும் பார்த்துவிட்டு, மற்றவர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அப்படியே இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து ஆள் வந்து குழாயிலிருந்து வாசல் வரை நாடா வைத்து அளந்து குறித்துக்கொண்டு போனார்கள். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இல்லை என்று பொய் சொல்லிப் பயனில்லை.

அடுப்பு மேஸ்திரி அவளுடைய அண்ணன். கணவன் போன பிறகு அவளை வீட்டு முன்னறையில் குடிவைத்து, இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அண்ணனும் அண்ணியும் பின்னறையில் இருந்தார்கள். தினமும் வரிசையில் அவர் முறை வரும்போது கையிரண்டையும் மேலே தூக்கி, "சுட்டுடாதம்மா, பொண்டாட்டி இருக்கா," என்பார். வரிசையே சிரிக்கும். நாற்பது தடவை சொன்ன பிறகும் சிரித்தது. அந்த நாட்களில் சிரிக்க வேறு எதுவும் இல்லை.

நடுவில் மாவு பிசைகிறவர் இடுப்புவலி என்று விடுப்பு எடுத்தார். திரும்பி வரவில்லை. அவருடைய அம்மா இறந்துபோனதாகச் சொன்னார்கள். வயதான உயிர்தானே என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ரொட்டி கட்டும் பெண்களில் இரண்டு பேர் வயிற்றுப்போக்கு என்றார்கள். எல்லாவற்றையும் அவள் விடுப்பு என்று எழுதினாள். காய்ச்சல் இல்லையே, துப்பாக்கியே சொல்லவில்லையே. அண்ணனும் ஒரு வாரமாக இருமிக்கொண்டுதான் இருந்தார். கேட்டதற்கு, "மாவுத் தூசி. இருபது வருஷமா தின்னுட்டு இருக்கேன், இன்னும் செரிக்கல," என்றார்.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் புகைந்துவிட்டது. நான்கு குழாய்களும் காய்ந்து கிடந்தன. வரிசை தெருமுனை வரை நின்றது. உள்ளே இரண்டாம் தொட்டியில் முந்தின இரவு பிசைந்து வைத்த மாவு பொங்கிக்கொண்டிருந்தது. அது யாருக்காகவும் காத்திருக்காது. கை துடைக்கும் மருந்தை ஊற்றி ஆட்களை உள்ளே விடலாம் என்று அவள் துப்பாக்கியை எடுத்தாள்.

முதல் ஆள் தொண்ணூற்றெட்டு. இரண்டாமவன் நூற்றொன்று. துப்பாக்கி கத்தியது. அவனை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவனைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. அடுத்தவன் நூறு புள்ளி எட்டு, மறுபடி கத்தல். பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தாள். புதுசு போட்டுத் தன் நெற்றியிலேயே வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றேழு புள்ளி நான்கு. சத்தம் கேட்டு வந்த மேனேஜரைப் பார்த்தாள், அவரும் சரியாக இருந்தார். துப்பாக்கிமேல் குற்றமில்லை. அடுப்புச் சூடு என்று சொல்லவும் வழியில்லை. காலை நேரம், வீட்டிலிருந்து நேராக வந்து நிற்கிறார்கள், அடுப்பு வாயை ஒருவனும் இன்னும் பார்க்கவில்லை.

அவள் திரும்பிக் காய்ந்த குழாய்களைப் பார்த்தாள்.

வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய தட்டு இழுப்பவன் வரிசையில் நின்றான். அன்றைக்கு அவனும் பேசவில்லை. குழாயைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தான். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, தண்ணி வரட்டுமே. அப்புறம் பாருங்களேன்."

"தண்ணி வந்தா?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. நெத்தி நல்லா ஜில்லுனு ஆகுற வரைக்கும் கழுவிட்டு நிப்போம், உள்ள விட்டுடுவீங்க. தினம் நடக்குறதுதானே?"

அவள் அண்ணனைத் தேடினாள். வரிசையில் ஏழாவதாக, மஞ்சள் வட்டத்துக்குள் ஒழுங்காக நின்றிருந்தார். அவள் துப்பாக்கியோடு நேராக அவரிடம் போனாள். அன்றைக்கு அவர் கையைத் தூக்கவில்லை. நூற்றிரண்டு புள்ளி ஆறு.

"எத்தனை நாளாண்ணே?"

"நாலு நாள். அஞ்சு இருக்கும்."

"ஒரே வீட்டுல இருக்கேன். எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ எழுதணும். உனக்கு எதுக்குத் தர்மசங்கடம்?" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "நீதான் எங்களுக்காக யோசிச்சு, சொல்லாமக் கொள்ளாம வழி பண்ணி வச்சிருக்கியே. உன் மனசு தெரிஞ்சுதான் யாரும் வாயத் திறக்கல. பசங்க எல்லாம் வீட்டுல உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறாங்க, தெரியுமா?"

வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்களில் பயம் இருந்தது. நன்றியும் இருந்தது. அவள் சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்ததை அவர்கள் கருணை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். நாற்பத்தொரு நாளும் காய்ச்சலோடு வந்தவர்களையெல்லாம் அவளே முகம் கழுவ வைத்து, காற்று வாங்க வைத்து, நோட்டில் தொண்ணூற்றேழு என்று எழுதி, ஜன்னல் திறக்காத மாவு அறைக்குள் அனுப்பியிருக்கிறாள். மாவு பிசைகிறவரின் அம்மா நினைவுக்கு வந்தாள். நாடா வைத்து அளந்துகொண்டு போன அந்த இரண்டு தொழிற்சாலைகளும் நினைவுக்கு வந்தன.

அதற்குள் மேனேஜர் ஆபீசிலிருந்து குடிதண்ணீர் கேன் இரண்டைத் தூக்கிவரச் செய்துவிட்டார். அந்த மனிதரை முழுக்கக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. மருத்துவமனைக்கு ரொட்டி போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். "எல்லாரும் முகத்தக் கழுவுங்கப்பா. மறுபடி முதல்ல இருந்து பாரும்மா. இப்பப் பாத்ததெல்லாம் கணக்குல வேணாம்," என்றார்.

அண்ணன் கேனுக்கு முன்னால் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார்.

"கழுவாதண்ணே," என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார் போலிருக்கிறது. அவள் நோட்டைத் திறந்து, எல்லாருக்கும் முன்னால், முதல் பெயராக அவர் பெயரை எழுதினாள். பக்கத்தில் நூற்றிரண்டு புள்ளி ஆறு என்று எழுதினாள். பிறகு முதலில் துப்பாக்கி கத்திய இருவரையும், கழுவாமலே பார்த்ததில் அகப்பட்ட இன்னும் இருவரையும் எழுதினாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்கண்ணன் பேரையுமா எழுதின?" என்று மட்டும் கேட்டார்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அண்ணன் காய்ந்த குழாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரையும் விடக்கூடாது என்பதால் அவளும் தள்ளியேதான் நின்றாள். வண்டியில் ஏறும்போது திரும்பி, "ரெண்டாம் தொட்டி பொங்கி வழியப்போகுது. அமுக்கி விடச் சொல்லு," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவளைத் திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மதியத்துக்குள் பூட்டுப் போட்டார்கள். நூற்றிருபது பேரையும் சோதித்ததில் அறுபத்தேழு பேருக்கு நோய் இருந்தது. அண்ணிக்கும் இருந்தது, லேசாக வந்து போயிற்று. அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. நாள் முழுக்க அவள்தானே வெளிக்காற்றில் நின்றாள். சுகாதார அதிகாரி போனில் கூப்பிட்டு, சொந்த அண்ணன் என்றும் பார்க்காமல் எழுதினாயே என்று பாராட்டினார். அவள் குழாயைப் பற்றிச் சொன்னாள். மதியச் சூட்டுக்காக மாற்றிப் போட்டதையும், அதனால் நடந்ததையும், மற்ற இரண்டு இடங்களிலும் இன்றைக்கே குழாயை மாற்ற வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பதினோராம் நாள் அண்ணன் இறந்துபோனார். செய்தி சொன்ன டாக்டர் நல்ல மனிதர்தான், களைப்பில் யோசிக்காமல் பேசிவிட்டார். "ஒரு நாலஞ்சு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தீங்கன்னா பாத்திருக்கலாம்மா," என்றார்.

உடலைக் கொடுக்கவில்லை. அவளும் அண்ணியும் தள்ளி நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி பின்னறையில் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைச் சட்டை மூன்று இருந்தது, துவைத்த பிறகும் மாவு வாடை போகாதவை. அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள். குழாயால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆம்புலன்ஸ் போன நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அண்ணி நிமிரவில்லை. "என்ன சொல்லப்போற? நாப்பத்தொரு நாள் அவரக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தின. ஒரே ஒரு நாள் தண்ணி வரலன்னு பிடிச்சுக் குடுத்துட்ட. கேன்ல தண்ணி இருந்துச்சாமே. ரேடியோ வந்து சொன்னான். அவரு குனிஞ்சு கையை ஏந்தினாராமே."

"அப்படி இல்ல அண்ணி. நான் காப்பாத்தவே இல்ல. அந்தக் குழாய அங்க வச்சதாலதான்..."

"குழாயக் குத்தம் சொல்லாத." அண்ணியின் குரல் ஏறவில்லை. "அந்தக் குழாய்தான் இத்தனை நாள் இந்த வீட்டுல அடுப்பெரிய வச்சுது. அதை வச்ச புண்ணியத்துக்குத்தான் உன்ன இன்னும் வீட்டுக்குள்ள விட்டு வச்சிருக்கேன்."

மூன்றாவது சட்டையை மடித்து மற்ற இரண்டின் மேல் வைத்தாள் அண்ணி. குழாய்தான் அவர் காய்ச்சலை மறைத்தது என்று சொல்ல வந்ததை அவள் முடிக்கவே இல்லை.