இடது பக்கம் தேய்ந்த பிரஷ்

எல்ஸி இரண்டாந்தாரமாகத்தான் புந்தோங்குக்கு வந்தாள். அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பம் கமுந்திங் பக்கம் போய்விட்டது. அங்கே தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டே அவளுக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. கஸ்பாருக்கு நாற்பத்தைந்து. பத்து காஜா பக்கம் ஈயம் தோண்டியெடுக்கும் லம்பம் ஒன்றின் சீன முதலாளிக்கு, தவுக்கேக்கு, கார் ஓட்டினார். முதல் மனைவி குழந்தையம்மாள் இறந்து இரண்டு வருஷம் கழித்து, எண்பத்திரண்டாம் ஆண்டு இவர்களுக்கு மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது.

கஸ்பார் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. சப்பாத்து மின்ன வேண்டும். தவுக்கேக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறவரின் காலைத்தான் வருகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள் என்பார். ஆனால் லம்பத்துக்குப் போய் வந்தால் சப்பாத்தில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருக்கும். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

எல்ஸி துணி துவைக்கிற பிளாஸ்டிக் பிரஷ்ஷால் அந்தச் சேற்றைத் தேய்த்தாள். அதையே அலசிவிட்டு அதிலேயே பாலிஷும் போட்டாள். முள்ளுக்குள் சிக்கியிருந்த மணல் கறுப்புத் தோல் முழுக்கக் கோடு கோடாகக் கீறிவிட்டது. கஸ்பார் சப்பாத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்படியே மாட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவார். கொஞ்ச நேரம் படுத்து எழுந்து மறுபடி வேலைக்குப் போவார். எல்ஸியும் ஹாலில் பாயைப் போட்டுக் கண்ணயர்வாள். மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள், அவர் எழுந்து பின்வாசலுக்குப் போனவர் அங்கிருந்தே சொன்னார்:

"இன்னிக்கு நல்லா வந்திருக்கு லா."

எல்ஸி போய்ப் பார்த்தாள். சப்பாத்து கண்ணாடியாக மின்னியது. அடித்தையல் இடுக்கில்கூட ஒரு பொட்டுச் சேறு இல்லை. கீறல் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் அன்று சப்பாத்தைத் தொடவே இல்லை. மனுஷர் பொறுக்க முடியாமல் தானே எழுந்து தேய்த்துவிட்டுக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து வெட்கப்பட்டாள். மறுநாளும் அப்படியே இருந்தது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

கடைசியில் அவளே கேட்டாள். "எந்தப் பிரஷ்ல தேய்க்கிறீங்க? எனக்கும் காட்டுங்களேன்."

"நானா? நீதானே தேய்க்கிற."

இருவரும் சிரித்தார்கள். அவர் கார் தெருமுனை திரும்பியதும் எல்ஸி உள்ளே வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

மறுநாள் மழை இரைச்சலுக்கு நடுவே, பாதித் தூக்கத்தில், பிரஷ் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று அவசரமில்லாத சத்தம். கண்ணைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. விழித்தபோது பாயில்தான் கிடந்தாள். நகக்கண்களில் கறுப்பு மை ஏறியிருந்தது.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு மாரியம்மா துணி காயப்போட வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "ஏன் எல்ஸி, நேத்து அத்தன தடவ கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல? படியில உக்காந்து தேய்ச்சிக்கிட்டே இருந்த."

"நானாக்கா?"

"பின்ன யாரு? உனக்கு இடது கைப் பழக்கம்னு எனக்குத் தெரியாது லா. அப்படியே நம்ம குழந்தையம்மா மாதிரி..."

மாரியம்மா பேச்சை நிறுத்தினாள். எல்ஸியின் முகத்தைப் பார்த்தாள். ஈரத்துணிகளை வாளியோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எல்ஸி வலது கைக்காரி. கத்தரிக்கோல் பிடித்துக் காய்ப்பேறியதும் அந்தக் கைதான். எந்தப் பிரஷ்ஷால் தேய்த்தது என்று அவள் பின்பக்கம் முழுக்கத் தேடினாள். துவைகல்லுக்குப் பின்னால், அடுக்கியிருந்த பலகைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தாள். சேறு உதிர்க்க முரட்டு மயிர் பிரஷ் ஒன்று, பாலிஷ் தடவச் சின்ன பிரஷ் ஒன்று, தையல் இடுக்குக்கு ஒரு பழைய பல் பிரஷ், மினுக்குவதற்குக் குதிரை மயிர் வைத்த பெரிய பிரஷ். சின்ன பிரஷ்ஷில் பாலிஷ் இன்னும் காயவில்லை.

பெரிய பிரஷ்ஷை எடுத்துப் பிடித்தாள். கையில் உட்காரவில்லை. பல வருஷம் ஒரே கை பிடித்துத் தேய்த்ததில் மயிர் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இடது கைக்கு மாற்றினாள். அவளுக்கென்றே செய்தது போலப் பொருந்தியது. கையை உதறிக் கீழே போட்டாள்.

சாயங்காலம் கஸ்பார் வந்ததும் டின்னை அவர் முன்னால் வைத்தாள். அவர் நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத எங்கேர்ந்து எடுத்த?"

"இங்கதான் இருந்துச்சு."

"இருக்காது எல்ஸி. அடக்கம் முடிஞ்ச மறுநாள் நானே கொண்டுபோய் லம்பக் குட்டையில வீசினேன். டின்னோட. அது முங்குறத நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

அப்புறம் அவர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார். அவருடைய பழுப்பு நிறச் சப்பாத்து ஜோடி. ஒன்று பளபளத்தது. மற்றதில் பழைய சேறு அப்படியே இருந்தது.

"தைப்பிங்ல ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். குழந்தையம்மா தல சுத்துதுன்னா. மொதல்ல சப்பாத்த முடி, நேரமாவுதுன்னு உள்ள படுத்துக்கிட்டே கத்தினேன். கொஞ்ச நேரத்துல பிரஷ் சத்தம் நின்னுபோச்சு. அப்பவும் நான் எந்திரிச்சுப் போய்ப் பாக்கல." சேறு காய்ந்த சப்பாத்தைத் தொட்டுக் காட்டினார். "அப்புறம் போனப்ப உசுரு இல்ல. மடியில சப்பாத்து இருந்துச்சு."

எல்ஸிக்கு முதலில் கோபம் வந்தது. இதைச் சொல்லாமல்தானா என்னைக் கட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் தன் நகக்கண்ணில் இருந்த மையைப் பார்த்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி தன் பாதி வேலையை முடிக்க ஒரு கை தேடி இந்த வீட்டுக்குள் அலைந்திருக்கிறாள்.

"அக்கா விட்டுட்டுப் போனத நீங்க முடிங்க," என்றாள். "நான் முடிக்கக் கூடாது. எனக்கு நான் வேற பிரஷ் வாங்கிக்கிறேன்."

மறுநாள் பஸ் ஏறிப் பழைய டவுனுக்குப் போனாள். கடைக்காரச் சீனர் பிரஷ்களை மேசையில் பரப்பி, "இனி பாபி, இனி கூடா," என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது பன்றி மயிர், இது குதிரை மயிர். எல்ஸி அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் மணிக்கட்டின் உட்புறம் இழுத்துப் பார்த்தாள். சுருக்கென்று குத்தியது சேற்றுக்கு. தோலில் படுத்து உடனே நிமிர்ந்தது மினுக்க. பாலிஷ் தடவ, கறுப்புக்கு ஒன்றும் பழுப்புக்கு ஒன்றுமாகச் சின்னது எடுத்தாள். நைலான் பிரஷ்ஷைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடுத்த எல்லாவற்றையும் வலது கையில் பிடித்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கஸ்பார் பின்படியில் அமர்ந்து அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்தார். எல்ஸி சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். பழைய சேறு சுலபத்தில் விடவில்லை. தட்டி உதிர்த்தார், ஈரத்துணியால் துடைத்தார், இடுக்கில் பல் பிரஷ்ஷை விட்டுக் கிளறினார். பாலிஷ் தடவிக் காயவிட்டார். பெரிய பிரஷ்ஷை எடுத்ததும் கை நின்றது. பிறகு அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார். தேய்க்கத் தேய்க்கக் கண்ணீர் தோலில் விழுந்தது. அதையும் சேர்த்தே தேய்த்தார்.

சப்பாத்து மின்னியபோது எல்ஸியின் தோளுக்குப் பக்கத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று கஸ்பார் அந்தப் பழுப்பு ஜோடியைப் போட்டுக்கொண்டு போனார். குழந்தையம்மாள் கல்லறையின் ஓரத்து மண்ணைத் தோண்டி டின்னைப் புதைத்தார். எல்ஸி மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அதற்குப் பிறகு எல்ஸி தன் பிரஷ்களால்தான் சப்பாத்து தேய்த்தாள். முன்பு வந்த அளவு மினுமினுப்பு வரவில்லை. கஸ்பாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டார். மத்தியானங்களில் வீடு நிசப்தமாகக் கிடந்தது. அந்த நிசப்தத்தில் எல்ஸிக்குத் தூக்கம் பிடிக்க நாளாயிற்று. சில நாள் அவள் எழுந்து போய்ப் பின்கதவைத் திறப்பாள். நனைந்த படியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா?" என்பாள்.

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருக்கும்.