ஹாரன் இல்லாத வண்டி

சேர்வராயன் மலையிலேயே ஹாரன் தேவைப்படாத ஒரே டிரைவர் தான்தான் என்று வெள்ளக்கடை ஆசிர் அறிவித்தான். பழைய மாருதி ஒன்றை வீட்டுக்குப் பின்னால் பிரித்துப்போட்டு, தனி ஆளாக ரேஸ் கார் ஆக்கியபோது அவன் முதலில் கழற்றி எறிந்ததே ஹாரனைத்தான்.

“வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கறதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க பழக்கம்.”

“நானும் பயந்தாங்கொள்ளிதானுங்ணா. ஆனா எம்பட ஸ்கூட்டர் இன்னும் பள்ளத்துல உழலீங்களே,” என்றாள் தங்கை ஃபெபி.

கோயம்புத்தூர் டிராக்கில் நடந்த ரேஸில் ஒவ்வொருவரும் தனியாகச் சுற்றி வர வேண்டும். வாய்ப்பு இரண்டுதான். முதல் சுற்றில் ஆசிர் வளைவில் பிரேக் பிடிக்கத் தாமதித்து, நேராகப் புல்லுக்குள் போய் நின்றான்.

“மாடு மேய்க்கப் போனீங்களாங்ணா?” என்று வேலிக்கு வெளியிலிருந்து ஃபெபி கத்தினாள்.

இதுவும் புல்லோடு போனால், வருஷம் முழுக்கப் பட்ட பாடு அவ்வளவுதான். இரண்டாவது சுற்றில் அதே வளைவு வந்தது. வாய் என்ன பேசினாலும், இத்தனை வருஷம் மலையில் ஹாரன் அடித்த கையோடு பிரேக் மிதித்தே பழகிய கால், எதற்கோ காத்திருந்தது.

ஹெல்மெட்டுக்குள், யாருக்கும் கேட்காமல், ஆசிர் “பாம் பாம்” என்றான்.

கால் தானாக இறங்கியது. வண்டி வாகாகத் திரும்பியது. வேலியோரம் ஃபெபி விசிலடிக்க, அவன் அடுத்த வளைவுக்கு வாயைக் குவித்தான்.